நடுவயதின் உறக்கம்: புனே கற்பித்த பாடமும் கேட்க மறந்த கேள்வியும்

புனே நகருக்கு வடகிழக்கே, சிரூர், ஹவேலி வட்டங்களைச் சேர்ந்த 22 கிராமங்களில், கே.இ.எம். மருத்துவமனை ஆய்வு மையம் 2002-ஆம் ஆண்டிலிருந்து மக்களின் பிறப்பு, இறப்பு, இடப்பெயர்வு ஆகியவற்றைத் தொடர்ந்து பதிவு செய்து வருகிறது. வடு என்னும் ஊரை மையமாகக் கொண்ட இந்த ஆய்வுக்களத்தில், 2007-ஆம் ஆண்டு, 50 வயதை எட்டிய அல்லது கடந்த 5,430 பேரிடம் உடல்நலம் குறித்து விரிவான நேர்காணல் நடத்தப்பட்டது. அதில் ஒரு கேள்வி உறக்கத்தைப் பற்றியது. கடந்த 30 நாட்களில் உறக்கம் வருவதிலோ, இரவில் அடிக்கடி விழித்துக்கொள்வதாலோ, விடியுமுன்பே எழுந்துவிடுவதாலோ எவ்வளவு சிரமம் ஏற்பட்டது என்று கேட்கப்பட்டது. சிரமமே இல்லை என்பது முதல் மிகக் கடுமையான சிரமம் என்பது வரை ஐந்து விடைகளுள் ஒன்றை அவர்கள் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது.

இதே கேள்வி ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலுமாக எட்டு நாடுகளில், ஏறத்தாழ 44,000 பேரிடம் கேட்கப்பட்டது. 2012-இல் ‘ஸ்லீப்’ ஆய்விதழில் வெளிவந்த முடிவுகளின்படி, ஒட்டுமொத்தமாக 16.6 விழுக்காட்டினர் கடுமையான அல்லது மிகக் கடுமையான உறக்கச் சிக்கல் இருப்பதாகக் கூறினர். வங்கதேசத்தின் மத்லாப் பகுதிப் பெண்களிடையே இது 40 விழுக்காட்டைத் தாண்டியது. வடு கிராமங்களிலோ ஆண்களில் 4.3 விழுக்காடு, பெண்களில் 6.5 விழுக்காடு மட்டுமே. எட்டு நாடுகளின் வரிசையில் மிகக் குறைந்த அளவுகளுள் இதுவும் ஒன்று. எண்களை மட்டும் பார்ப்பவர், புனே மாவட்டத்தின் உழவர்கள் நிம்மதியாக உறங்குகிறார்கள் என்ற முடிவுக்கு எளிதில் வந்துவிடலாம்.

அந்த முடிவுக்கு வருமுன், புனேயிலிருந்து சுமார் 150 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மும்பையில் நடந்த மற்றோர் ஆய்வையும் அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். நுரையீரல் மருத்துவர் ஜரீர் உத்வாடியாவும் அவருடைய குழுவினரும் 2004-இல் வெளியிட்ட ஆய்வு அது. வழக்கமான உடற்பரிசோதனைக்காக மருத்துவமனைக்கு வந்த, 35 முதல் 65 வயது வரையிலான 658 ஆண்கள் அதில் இடம்பெற்றனர். அவர்களுள் எவரும் உறக்கக் கோளாறு என்று சொல்லிக்கொண்டு வந்தவரல்லர். அவர்களில் 250 பேருக்கு, அவரவர் வீட்டிலேயே, கருவி பொருத்தி உறக்கம் அளக்கப்பட்டது. உறக்கத்தில் மணிக்கு ஐந்து முறையோ அதற்கு மேலோ மூச்சு தடைபடும் நிலை 19.5 விழுக்காட்டினருக்கு இருப்பதாக மதிப்பிடப்பட்டது. அதனுடன் பகல்நேரத் தூக்கக் கலக்கமும் சேர்ந்தவர்கள் 7.5 விழுக்காடு.

இரண்டு ஆய்வுகளையும் நேருக்கு நேர் ஒப்பிடக் கூடாது. ஒன்று கிராமம், மற்றொன்று பெருநகரம். வயது வேறு, பாலினக் கலவை வேறு, அளந்த பொருளும் வேறு. ஒன்றில் மனிதர் தம் உறக்கத்தைப் பற்றிச் சொன்னது பதிவாயிற்று. மற்றொன்றில் அவர் அறியாமலேயே அவர் உடல் செய்தது பதிவாயிற்று. இவ்விரண்டுக்கும் இடையில் இருக்கும் தொலைவே இங்குப் பேசப்பட வேண்டியது. நடுவயதில் உறக்கம் கெடும்போது பெரும்பாலும் அது புகாராக வெளிப்படுவதில்லை. இரத்த அழுத்தமாகவும், சர்க்கரையாகவும், இடுப்பளவாகவும், எரிச்சலாகவுமே மருத்துவரின் முன் வந்து நிற்கிறது. வந்து நிற்கும் நோய்க்கு மாத்திரை எழுதப்படுகிறது, இரவைப் பற்றி எவரும் கேட்பதில்லை.

புறத்தோற்றத்தை நம்பி ஏமாறக் கூடாது என்ற பாடத்தை உலக மருத்துவத்துக்குக் கற்பித்த ஊர்களுள் புனேயும் ஒன்று. கே.இ.எம். மருத்துவமனையின் நீரிழிவுப் பிரிவைச் சேர்ந்த சித்தரஞ்சன் யாக்னிக், லண்டனைச் சேர்ந்த ஜான் யுட்கின் ஆகிய இருவரும் 2004-இல் ‘லான்செட்’ இதழில் தங்கள் இருவரின் படத்தையே வெளியிட்டார்கள். இருவருக்கும் உடல் நிறைக் குறியெண் ஒன்றே: 22.3. ஆனால் உடலிலுள்ள கொழுப்பின் அளவு யுட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாக்னிக்குக்கு 21.2 விழுக்காடு. 1993-இல் புனேயைச் சுற்றியுள்ள ஆறு கிராமங்களில் தொடங்கிய தாய்மை ஊட்டச்சத்து ஆய்வு, இந்த வேறுபாடு பிறக்கும்போதே தொடங்கிவிடுகிறது என்பதைக் காட்டியது. எடை குறைந்த இந்தியக் குழந்தை, தசையைப் பறிகொடுத்தாலும் கொழுப்பைப் பெருமளவு காத்துக்கொண்டே பிறக்கிறது. ஒல்லியானவருக்கு நீரிழிவு வராது என்ற நம்பிக்கை அத்துடன் தகர்ந்தது.

உறக்கத்துக்கும் இதே பாடம் பொருந்தும். ஏழு மணி நேரம் படுக்கையில் கிடந்த இருவரின் உறக்கம் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. எடைக்கருவி காட்டிய 22.3 எப்படி உள்ளிருந்த கொழுப்பைச் சொல்லவில்லையோ, அப்படியே கடிகாரம் காட்டும் ஏழு மணி நேரமும் உள்ளே என்ன நடந்தது என்பதைச் சொல்வதில்லை.

நடுவயதை ஏன் தனியே எடுத்துப் பேச வேண்டும்? ஈவ் வான் காட்டர் குழுவினர் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், 16 முதல் 83 வயது வரையிலான 149 ஆரோக்கியமான ஆண்களின் உறக்கப் பதிவுகள் ஆராயப்பட்டன. இளமையில் மொத்த உறக்கத்தில் 18.9 விழுக்காடாக இருந்த ஆழ்துயில், 36 முதல் 50 வயதுக்குள் 3.4 விழுக்காடாகச் சரிந்திருந்தது. வளர்ச்சி ஹார்மோனின் சுரப்பும் அதே காலத்தில் அதே போக்கில் குறைந்திருந்தது. முதுமையில் நிகழ்வதாகப் பலரும் எண்ணியிருந்த மாற்றம் ஐம்பதுக்கு முன்பே பெருமளவு நடந்து முடிந்துவிடுகிறது. மெல்ல மெல்ல நிகழ்வதால் அதை இழப்பாக எவரும் உணர்வதில்லை. “வயதாகிறது” என்ற சொல்லில் எல்லாம் அடங்கிவிடுகிறது.

உறக்கம் குறைந்தால் உடலுக்குள் நிகழ்வது என்ன? இரவில் இரத்த அழுத்தம் இயல்பாகவே பத்து முதல் இருபது விழுக்காடு வரை தாழ்கிறது. இதயத்துக்கும் குருதிக் குழாய்களுக்கும் அன்றாடம் கிடைக்கும் ஓய்வு அது. உறக்கம் துண்டு துண்டாகும்போது அந்தத் தாழ்வு முழுமையடைவதில்லை. சர்க்கரையின் கதையும் இதற்கு ஒப்பானது. சிகாகோவில் நடந்து 1999-இல் வெளியான சோதனையில், 11 இளைஞர்கள் ஆறு இரவுகள் நான்கு மணி நேரம் மட்டுமே படுக்க அனுமதிக்கப்பட்டனர். நோயற்ற அந்த உடல்களிலும், சர்க்கரையைக் கையாளும் திறன் வெளிப்படையாகக் குறைந்தது. அவர்கள் இளைஞர்கள், ஆறே இரவுகள், பிறகு ஈடுகட்ட உறங்கினார்கள். நாற்பத்தைந்து வயதுக்காரருக்கு அப்படி ஈடுகட்டும் வாய்ப்பு பல ஆண்டுகளாகவே கிடைக்காமல் போகலாம்.

ஸ்லீப் ஆப்னியா எனப்படும் உறக்க மூச்சுத்தடை இதனினும் நுட்பமானது. உறக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுவழி அடைபடுகிறது. பத்து நொடியோ அதற்கு மேலோ காற்று உள்ளே போவதில்லை. குருதியில் ஆக்சிஜன் தாழ்கிறது. மூளை ஒரு கணம் விழித்து மூச்சை மீட்கிறது. இதயம் படபடக்கிறது, அழுத்தம் ஏறுகிறது. ஓர் இரவில் இது நூற்றுக்கணக்கான முறை நடந்தாலும் காலையில் நினைவில் எதுவும் மிஞ்சாது. “படுத்ததும் தூங்கிவிடுவேன்” என்று அவர் சொல்வது பொய்யன்று. படுத்ததும் தூங்கிவிடும் அளவுக்கு அவர் களைத்திருக்கிறார் என்பதே உண்மை. குறட்டையை ஆழ்ந்த உறக்கத்தின் அடையாளமாகக் கொண்டு “கொடுத்துவைத்தவர்” என்று வாழ்த்தும் வழக்கம் மராட்டிய வீட்டிலும் தமிழ் வீட்டிலும் மறையவில்லை.

மும்பை ஆய்வு இன்னொன்றையும் சொன்னது. உடல் நிறைக் குறியெண், கழுத்தின் சுற்றளவு, நீரிழிவு ஆகிய மூன்றும் மூச்சுத்தடையோடு நெருங்கிய தொடர்புடையவையாக இருந்தன. புனேயின் பாடம் இங்கே நேரடியாக உதவுகிறது. டொராண்டோவில் உருவாகி 2008-இல் வெளியான ‘ஸ்டாப்-பேங்’ என்னும் எட்டுக் கேள்விப் பட்டியல் இன்று உலகெங்கும் பயன்படுகிறது. அதில் உடல் நிறைக் குறியெண் 35-ஐத் தாண்டினால்தான் ஒரு மதிப்பெண் சேரும். ஆசியர்களுக்கு 23-இலிருந்தே இடர் கூடுகிறது என்று உலக நல நிறுவனத்தின் வல்லுநர் குழு 2004-இலேயே சுட்டியது. தாடை, முக எலும்புகளின் அமைப்பால் ஆசியர்களுக்குக் குறைந்த எடையிலேயே மூச்சுத்தடை வரக்கூடும் என்பதும் அறியப்பட்ட செய்தி. 35-ஐ எல்லையாக வைத்துச் சலித்தால் புனேயின் ஒல்லியான நீரிழிவு நோயாளி சல்லடையின் துளை வழியே நழுவிவிடுவார்.

நீண்டகாலச் சான்றுகளும் இல்லாமல் இல்லை. 1985-இல் 10,308 பிரிட்டிஷ் அரசு ஊழியர்களுடன் தொடங்கிய ‘வைட்ஹால் 2’ ஆய்வின் தரவுகளைக் கொண்டு செவெரின் சபியா குழுவினர் 2022-இல் ஒரு முடிவை வெளியிட்டனர். 50 வயதில் ஐந்து மணி நேரமோ அதற்குக் குறைவாகவோ உறங்கியவர்களுக்கு, ஏழு மணி நேரம் உறங்கியவர்களைக் காட்டிலும், அடுத்த 25 ஆண்டுகளில் முதல் நாட்பட்ட நோய் வரும் வாய்ப்பு 20 விழுக்காடு கூடுதலாக இருந்தது. 50, 60, 70 ஆகிய எந்த வயதில் அளந்தாலும், குறைந்த உறக்கத்தோடு பல நோய்கள் ஒன்றாகச் சேரும் வாய்ப்பு 30 முதல் 40 விழுக்காடு உயர்ந்திருந்தது. அதே ஆண்டில் அமெரிக்க இதய சங்கம், இதய நலத்துக்கான ஏழு அளவுகோல்களோடு உறக்கத்தை எட்டாவதாகச் சேர்த்தது.

இச்சான்றுகளின் எல்லையையும் சொல்லியாக வேண்டும். வைட்ஹால் ஆய்வில் உறங்கிய நேரம் பெரும்பாலும் ஊழியர்கள் தாமே சொன்னது. அவர்களில் பெரும்பான்மையோர் வெள்ளையின ஆண்கள், அலுவலகப் பணியாளர்கள். தொடர்பு என்பது காரணமாகிவிடாது. இன்னும் வெளிப்படாத நோயே உறக்கத்தைக் கெடுத்திருக்கலாம், வறுமையும் மனச்சுமையும் இரண்டையும் சேர்த்தே கெடுத்திருக்கலாம். ஆயினும் சோதனைக் கூடத்தின் உடலியங்கியலும் இத்தகைய தொடர் ஆய்வுகளும் ஒரே திசையைக் காட்டும்போது, கேட்காமல் இருப்பதற்கு அந்த ஐயம் காரணமாக முடியாது.

பெண்களின் நிலை இன்னும் மறைவானது. மும்பை ஆய்வில் பெண்களே இல்லை. ‘ஸ்டாப்-பேங்’ பட்டியலில் ஆணாக இருந்தாலே ஒரு மதிப்பெண் கிடைத்துவிடுகிறது. மாதவிடாய் நின்ற பின் பெண்களுக்கும் மூச்சுத்தடையின் இடர் உயர்கிறது. ஆனால் அவர்களிடம் அது உரத்த குறட்டையாக இல்லாமல் களைப்பாகவும், தலைவலியாகவும், உறக்கமின்மையாகவும் வெளிப்படுவது மிகுதி. 2019-இல் நடந்த தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லா வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண் ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடங்களை அவற்றில் செலவிடுகிறார். ஈடுபடும் ஆண் செலவிடுவது 97 நிமிடங்கள். கடைசியாகப் படுத்து முதலில் எழும் பெண்ணுக்கு, உறக்கம் போதவில்லை என்பது புகாராகத் தோன்றாது. குடும்பம் என்றால் அப்படித்தான் என்று எடுத்துக்கொள்ளப்படுகிறது. வடு கிராமங்களில் கிடைத்த 6.5 விழுக்காட்டை இந்த ஒளியில் மறுபடி வாசிக்க வேண்டும்.

புனே நகரத்தின் கதையில் இன்னொரு திருப்பமும் உண்டு. ஹிஞ்சவடியின் தகவல் தொழில்நுட்பப் பூங்காவிலும், மகர்பட்டா, கராடி வளாகங்களிலும் இருபதாண்டுகளுக்கு முன் பணியில் சேர்ந்த இளைஞர்கள் இன்று நாற்பதுகளின் நடுவில் இருக்கிறார்கள். அவர்களுள் தமிழ்நாட்டிலிருந்து சென்றவர்களும் பலர். நியூயார்க்கில் காலை ஒன்பது மணி என்றால் புனேயில், பருவத்தைப் பொறுத்து, மாலை ஆறரையோ ஏழரையோ ஆகும். அமெரிக்க அலுவலகம் விழிக்கும்போது இங்குக் குடும்பம் உணவருந்துகிறது. அங்குக் கூட்டம் முடியும்போது இங்கு நள்ளிரவு. பிம்ப்ரி-சிஞ்ச்வட், சாக்கன் பகுதிகளின் வாகனத் தொழிற்சாலைகளிலோ சுழற்சி முறைப் பணி அதற்கும் முந்தைய மரபு. உலகமயத்தின் இரவை இளமையில் ஏற்றுக்கொண்ட முதல் தலைமுறை இப்போது நடுவயதுக்குள் நுழைகிறது.

உடலின் கடிகாரம் மன உறுதிக்குக் கட்டுப்படுவதில்லை. வெளியுலகின் ஒளியும் ஒலியும் எட்டாத தனியறையில் மனிதர்களைத் தங்கவைத்து, அவர்களின் உள்ளார்ந்த நாள் எப்படி ஓடுகிறது என்பதை மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம்.கே. சந்திரசேகரனும் அவருடைய மாணவர்களும் ஆராய்ந்தார்கள். அந்தக் கடிகாரத்தின் மூலக்கூற்று இயக்கத்தைக் கண்டறிந்தவர்களுக்கே 2017-இல் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது. இரவுப் பணி மனிதருக்குப் புற்றுநோயை விளைவிக்க வாய்ப்புள்ளது என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2007-இல் வகைப்படுத்தியது, 2019-இல் அதை உறுதி செய்தது. மகாராஷ்டிரத்தின் 2017-ஆம் ஆண்டுக் கடைகள், நிறுவனங்கள் சட்டம், இசைவு தெரிவிக்கும் பெண்கள் இரவு ஒன்பதரை மணிக்குப் பிறகும் பணிபுரிய இடமளிக்கிறது. பாதுகாப்பு, கண்ணியம், வீட்டு வாசல் வரை ஊர்தி ஆகியவற்றை அதற்கு நிபந்தனையாக்குகிறது. தேவையான நிபந்தனைகள்தாம். ஆனால் வீடு பத்திரமாகச் சென்று சேர்ந்தபின் அந்த உடல் எப்போது உறங்கும் என்பதும் பணி நலத்தைச் சேர்ந்த கேள்வியே.

இதற்கு எதிராக வைக்கப்படும் வாதங்களுள் இரண்டு மதிப்புடையவை. முதலாவது, உறக்கத்தை நோயாக்கிச் சந்தைப்படுத்தும் ஆபத்து. கைக்கடிகாரமும் மெத்தையும் மாத்திரையும் விற்பவர்கள் ஏற்கெனவே வாசலில் நிற்கிறார்கள். மூச்சுத்தடைக்குத் தரப்படும் சிபாப் கருவியைப் பற்றி, இந்தியா உட்பட ஏழு நாடுகளில் 45 முதல் 75 வயது வரையிலான 2,717 இதய, மூளைக் குருதிக்குழாய் நோயாளிகளிடம் நடந்து, 2016-இல் வெளியான ‘சேவ்’ ஆய்வு ஏமாற்றமளித்தது. பகல் தூக்கமும் மனநிலையும் மேம்பட்டன. ஆனால் மாரடைப்பும் பக்கவாதமும் குறையவில்லை. கருவியை அவர்கள் சராசரியாக இரவுக்கு மூன்றரை மணி நேரம்கூடப் பயன்படுத்தவில்லை என்பதையும் சேர்த்தே அந்த முடிவை வாசிக்க வேண்டும். எனவே எல்லோருக்கும் கருவி என்பது இங்கு முன்வைக்கப்படும் கோரிக்கையன்று. உறக்கமின்மைக்கும் முதல் மருந்து மாத்திரையன்று. நடத்தை, சிந்தனை சார்ந்த பயிற்சியையே முதலில் தர வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016-இல் பரிந்துரைத்தது.

இரண்டாவது, உறக்கத்தைத் தனிமனிதரின் ஒழுக்கமாகச் சுருக்கிவிடும் ஆபத்து. “சீக்கிரம் படு, கைப்பேசியை ஒதுக்கு” என்ற அறிவுரை, நள்ளிரவுக் கூட்டத்துக்கு அழைக்கப்படுபவருக்கும் நெடுஞ்சாலை ஓரத்தில் குடியிருப்பவருக்கும் குற்ற உணர்வைத் தவிர வேறெதையும் தருவதில்லை. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதியில் இரவு ஒலியை 45 டெசிபலுக்குள் நிறுத்தச் சொல்கின்றன. உறக்கம் அரசியல் சாசனத்தின் 21-ஆம் பிரிவு காக்கும் வாழ்வுரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 2012-இல் கூறியது. உரிமை என்று ஒப்புக்கொண்ட ஒன்றை, மருத்துவமனைக்குள் நுழைந்தவுடன் பழக்கமாகக் குறுக்கிவிடுவது முரண்.

ஆகவே செய்யக்கூடியது எளியது, செலவும் குறைந்தது. தொற்றா நோய்களுக்கான தேசியத் திட்டத்தில் 30 வயதைக் கடந்தோரை ஆஷா பணியாளர் சந்தித்து நிரப்பும் படிவத்தின் இடர் மதிப்பீட்டுப் பகுதி வயது, புகையிலை, மது, இடுப்பளவு, உடலுழைப்பு, குடும்ப வரலாறு ஆகியவற்றுக்கு மதிப்பெண் தருகிறது. அதனருகே மூன்று கேள்விகள் சேரலாம். எத்தனை மணி நேரம் உறங்குகிறார்? காலையில் களைப்பு நீங்கி எழுகிறாரா? உறக்கத்தில் மூச்சு நின்று திணறுவதை உடனிருப்பவர் கண்டதுண்டா? மூன்றாவது கேள்விக்கு விடை தெரிந்தவர் நோயாளியல்லர், அவருடைய துணைவரே. ஆகவே அதை அவரிடமே கேட்க வேண்டும். 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் களப் பணியாளர்கள் இரத்த அழுத்த, நீரிழிவு மாத்திரைகளோடு தமிழ்நாட்டின் வீட்டு வாசலுக்கே செல்கிறார்கள். அந்த வாசலிலேயே இக்கேள்விகளைக் கேட்க முடியும். நிறுவனங்களின் ஆண்டுப் பரிசோதனையில் கொழுப்பின் அளவோடு கடந்த ஆண்டின் இரவுப் பணி நாட்களும் பதிவாக வேண்டும். மருந்துக்குக் கட்டுப்படாத இரத்த அழுத்தத்துடன் வருபவருக்கு அடுத்த மாத்திரையை எழுதுமுன் ஓர் இரவின் மூச்சுப் பதிவு எடுக்கப்பட வேண்டும்.

ஆய்வுலகத்துக்கும் ஒரு கடமை மிஞ்சியிருக்கிறது. பிறப்பும் இறப்பும் வீடு வீடாகப் பதிவாகும் வடு போன்ற களம் இந்தியாவில் மிகச் சிலவே. அங்கு 2007-இல் ஐம்பதைக் கடந்திருந்தவர்கள் இன்று எழுபதை நெருங்குகிறார்கள் அல்லது கடந்துவிட்டார்கள். அவர்களின் பிள்ளைகள் நடுவயதில் இருக்கிறார்கள். அவர்களில் சிறு தொகையினருக்கேனும், ஆண் பெண் இருபாலருக்கும், பழைய கேள்வியோடு ஓர் இரவின் அளவீட்டையும் சேர்த்து எடுத்தால், 4.3 என்ற எண் நிம்மதியின் அளவா, பழகிப்போன களைப்பின் அளவா என்பது தெரியவரும். முனைவர் பட்டத்துக்குத் தலைப்புத் தேடும் பொது நலவியல் மாணவர் ஒருவர் அங்கிருந்தே தொடங்கலாம்.